சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை: தலைக்குத் தேய்க்க வீட்டிலேயே செய்யும் முறை

கடை ஷாம்பு பாட்டிலில் பெரும்பகுதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் கிருமியும் பூஞ்சையும் பிடிக்காமலிருக்கத்தான் பாதுகாப்பு ரசாயனம் சேர்க்கிறார்கள். வீட்டில் மூலிகை ஷாம்பு செய்ய நினைப்பவர்கள் பலரும் அந்தப் பாட்டிலைத்தான் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். சீயக்காயைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றிக் குளியலறை அலமாரியில் வைக்கிறார்கள். சேலத்துச் சித்திரை வெக்கையில் மூன்றாம் நாள் மூடியைத் திருகினால் புஸ்ஸென்று காற்று வரும், புளித்த மாவு வாடை அடிக்கும். சரக்கில் குறையில்லை, முறையில்தான் குறை.

நம் பக்கத்து வீடுகளில் இருந்த பழக்கம் வேறு. சரக்கு காய்ந்த பொடியாக டப்பாவில் இருக்கும். தலைக்கு ஊற்றிக்கொள்ளும் நாளன்று, அன்றைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் தண்ணீரோ வடிகஞ்சியோ சேரும். கீழே சொல்வதெல்லாம் இதைச் சுற்றியே இருக்கும்: தண்ணீர் எப்போது படலாம், எப்போது படக்கூடாது.

எது அழுக்கை எடுக்கிறது

இணையத்தில் இருபது பொருள், முப்பது பொருள் என்று பட்டியல் போடுகிறார்கள். அவற்றில் அழுக்கை எடுப்பவை மூன்றுதான்: சீயக்காயின் தோல், பூந்திக்கொட்டையின் தோல், உசிலை இலை. உசிலை இலையை அரைத்தால் கிடைப்பதுதான் அரப்பு. மூன்றிலும் சப்போனின் என்ற பொருள் இருக்கிறது. அதன் ஒரு முனை எண்ணெயைப் பற்றும், மறுமுனை தண்ணீரைப் பற்றும். தலையில் இருக்கும் எண்ணெய் தண்ணீரோடு சேர்ந்து இறங்குவது இதனால்தான்.

செம்பருத்தி இலையும் வெந்தயமும் வழவழப்புக்கு. முடி சிக்கில்லாமல் விரலுக்கு வழிவிடும். செம்பருத்தி இலையை மட்டும் கசக்கித் தேய்த்தால் போதும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். எண்ணெய் வைத்த தலையை அது சுத்தம் செய்யாது. பச்சைப்பயறு மாவு எண்ணெயை உறிஞ்சும். ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆரஞ்சுத் தோல் எல்லாம் முக்கியமாக வாசனைக்கு. வாசனை முக்கியமில்லை என்று சொல்லவில்லை. சீயக்காயின் கைப்பு வாடையை அவைதான் மறைக்கின்றன. ஆனால் ஏதாவது ஒன்று கிடைக்கவில்லை என்றால் அதற்காக அலைய வேண்டியதில்லை.

கார்போக அரிசி என்ற மூலிகை விதையை மட்டும் விட்டுவிடுங்கள். பழைய குளியல் பொடிகளில் அது உண்டு. அதிலுள்ள சொராலென் தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் தோல் கன்றிக் கறுத்துப்போகும். வெயில் ஊரில் இருப்பவர்களுக்கு அது வேண்டாத வேலை.

சரக்கு வாங்குதல்

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, சின்னக்கடை வீதிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் எல்லாமே கிடைக்கும். சேர்வராயன் மலை, கொல்லிமலைப் பக்கத்திலிருந்து புதுச் சீயக்காய் தை பிறந்த பிறகு இறங்கத் தொடங்கும். வருஷச் சரக்கை மாசி, பங்குனியில் வாங்குவது நல்லது. காயும் புதிது, காயவைக்க வெயிலும் தோது.

நல்ல சீயக்காய் செம்பழுப்பாக, சுருங்கி, தட்டையாக இருக்கும். குலுக்கினால் உள்ளே கொட்டை சலசலக்கும். ஒடித்தால் டக்கென்று ஒடியும். கரிய திட்டுகள் இருந்தால் மழையில் நனைந்தது. ஊசி குத்தியது போல் ஓட்டைகள் இருந்தால் வண்டு விழுந்தது. இந்த இரண்டும் விலை மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

பூந்திக்கொட்டையில் புதியது பிசுபிசுப்பாக, தேன் நிறத்தில், தோல் லேசாக ஒளி விடும். பழையது கருத்து மரம் போல் இறுகிவிடும். ஒரு சின்ன சோதனை போதும். ஒரு கொட்டையின் தோலைப் பிய்த்து, கால் பாட்டில் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிஷம் ஊறவிட்டுக் குலுக்குங்கள். நுரை பாட்டில் கழுத்து வரை ஏறி, பத்து நிமிஷம் கழித்தும் பாதியாவது நிற்க வேண்டும். ஏறிய வேகத்தில் அடங்கினால் சரக்கில் சத்தில்லை.

அரப்புத்தூள் வாங்குவதாக இருந்தால் நிறத்தைப் பாருங்கள். நிழலில் காய்ந்த இலை மங்கிய பச்சையாக இருக்கும். வெயிலில் வாட்டியது பழுப்பாகிவிடும். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் கொழகொழப்பு வரவேண்டும். மண் போல் நெருநெருத்தால் காம்பும் தூசியும் சேர்த்து அரைத்திருக்கிறார்கள்.

பொடி: அளவும் காயவைப்பதும்

எல்லா அளவும் சுத்தம் செய்து காய்ந்த பிறகு எடுக்கும் எடை. கடையில் ஒரு கிலோ சீயக்காய் வாங்கினால் கொட்டை போக ஒரு கிலோ மிஞ்சாது. அதற்கேற்ப கூட வாங்குங்கள்.

கொட்டை நீக்கிய சீயக்காய் 1 கிலோ, பச்சைப்பயறு 250 கிராம், பூந்திக்கொட்டைத் தோல் 150 கிராம், வெந்தயம் 100 கிராம், உலர்ந்த செம்பருத்தி இலையும் பூவுமாக 100 கிராம், ஆவாரம்பூ 100 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், ஆரஞ்சுத் தோல் 50 கிராம், கறிவேப்பிலை 50 கிராம், வெட்டிவேர் 20 கிராம். மொத்தம் 1,870 கிராம் வரும். ஒருவருக்கு ஒரு முறைக்கு 30 கிராம் என்று வைத்தால், வாரம் ஒருமுறை தலைக்கு ஊற்றும் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூன்றரை மாதத்துக்குக் காணும்.

எண்ணெய்ப் பசை அதிகமான தலைக்குப் பூந்திக்கொட்டையை 200 கிராம் வரை ஏற்றலாம். அதற்கு மேல் போகாதீர்கள். முடி நார் போல் விறைக்கும். வறண்ட முடிக்குப் பூந்திக்கொட்டையை 75 கிராமாகக் குறைத்து, பயறை 150 கிராமாகக் குறைத்து, செம்பருத்தியை 150 ஆக்குங்கள். வெந்தயத்தை மட்டும் எந்தத் தலைக்கும் கூட்டாதீர்கள். 100 கிராமைத் தாண்டினால் கரைக்கும்போது களி போலத் திரண்டு, முடியில் ஒட்டிக்கொண்டு அலச அலசப் போகாது.

சீயக்காயின் கொட்டையை எடுப்பது சலிப்பான வேலைதான். ஆனாலும் எடுக்க வேண்டும். சத்து இருப்பது தோலில். கொட்டையின் மேலோடு மில்லில் முழுதாக அரைபடாமல் கருந்துகளாக விழும். அதுதான் தலை காய்ந்த பிறகு சீப்பில் வருகிறது. ஒரு நாள் வெயிலில் போட்ட காயைச் சாக்கில் கட்டிக் கட்டையால் தட்டினால் ஓடு பிளந்து கொட்டை உதிரும். முறத்தில் போட்டுப் புடைத்தால் பிரிந்துவிடும். பூந்திக்கொட்டையின் கருங்கொட்டையை ஒன்றுகூட விடாமல் எடுத்துவிடுங்கள். கோலிகுண்டு போல இருக்கும் அது மில் கல்லையே பதம் பார்த்துவிடும்.

சீயக்காய், பூந்திக்கொட்டைத் தோல், பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு ஆகியவை நேர் வெயிலுக்கு. காலை பத்திலிருந்து நாலு மணி வரை, மூன்று நாள். இறக்கும்போது துணியோடு சுருட்டி உள்ளே எடுத்துவிடுங்கள். மாடியில் இரவு விட்டால் பனி இறங்கி, பகலில் காய்ந்ததில் பாதி வீணாகும். பூ, இலை, ஆரஞ்சுத் தோல், வெட்டிவேர் ஆகியவை நிழலுக்கு. வெயிலில் போட்டால் வாசனை எண்ணெய் பறந்து வெறும் சருகுதான் மிஞ்சும். ஏற்காட்டு ஆரஞ்சு கிடைக்கும் பருவத்தில் தின்ற பழத்தின் தோலைச் சேர்த்துவைக்கலாம். ஆனால் விரலகலத் துண்டுகளாக நறுக்கிப் போடுங்கள். உள்பக்கத்து வெள்ளைப் பகுதி கடைசியாகத்தான் காயும். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் வளைத்தால் ஒடியாமல் மடங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த ஒரு துண்டு ஈரம் முழு டப்பாவையும் கெடுத்துவிடும்.

மில்லில் கவனிக்க வேண்டியது

மிக்ஸியில் இரண்டு கிலோ சீயக்காய் அரைக்க நினைக்காதீர்கள். பிளேடு மழுங்கும், மோட்டார் சூடாகும், பொடியும் நைசாக வராது. மாவு மில்களில் சீயக்காய்க்கும் அரப்புக்கும் தனி மெஷின் வைத்திருப்பார்கள். அதே கல்லில் அடுத்து அரிசியோ கேழ்வரகோ போட்டால் மாவு கைத்துப்போகும் என்பதால்தான் தனியாக வைக்கிறார்கள். போகும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: தனி மெஷின் இருக்கிறதா, இன்று அதில் கடைசியாக என்ன அரைத்தார்கள். மிளகாய் அரைத்த மெஷினில் போட்ட சீயக்காய் தலைக்குப் போனால் கண்ணிலும் உச்சந்தலையிலும் எரிச்சல் தாங்காது. ஒரு கிலோவுக்குக் குறைவாகக் கொண்டுபோனால் கால் பங்கு மெஷினிலேயே தங்கிவிடும். குறைவாகத்தான் இருக்கிறது என்றால் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து அரைத்துப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டிவேரைக் கத்தரிக்கோலால் அரை அங்குலத்துக்கு நறுக்கிக் கொண்டுபோங்கள். நீளமாக இருந்தால் உள்ளே சுற்றிக்கொள்ளும். பூலாங்கிழங்கை உலக்கையில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள மறக்க வேண்டாம். சீயக்காய்த் தூசி மூக்கில் ஏறினால் தும்மல் அடுக்கடுக்காக வரும். இளைப்பு உள்ளவர்கள் மில்லுக்குள்ளேயே போகாமல் இருப்பது நல்லது.

அரைத்து வந்த பொடி கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். பலர் தவறுவது இங்கேதான். சூட்டோடு டப்பாவில் கொட்டி மூடினால் ஆவி மூடியில் முட்டி நீராகி மேல் பொடியில் சொட்டும். இரண்டு வாரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரியும். பேப்பர் விரித்து இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிட்டு, பிறகு நைஸ் சல்லடையில் சலியுங்கள். இன்னும் மென்மை வேண்டுமென்றால் வைத்தியர்கள் சூரணம் செய்வது போல் வஸ்திரகாயம் செய்யலாம். மெல்லிய வேட்டித் துணியைப் பாத்திர வாயில் கட்டி, மேலே பொடியைப் போட்டுத் தட்டிச் சலிப்பது. மேலே நிற்கும் திப்பியைக் கொட்ட வேண்டாம். ஊறவைத்துக் கஷாயமாக்க உதவும்.

காற்றுப் புகாத எவர்சில்வர் அல்லது கண்ணாடி ஜாடியில் ஆறு மாதம் இருக்கும். பூச்சி விழுந்தால் அது பயறால்தான் வரும். மூன்று மாதத்துக்கு மேல் வைக்கப்போகிறீர்கள் என்றால் பயறை இதில் சேர்க்காமல், கரைக்கும் நாளில் ஒரு கரண்டி பயத்தமாவைத் தனியாகக் கலந்துகொள்ளுங்கள். வருஷத்துக்கு வாங்கிய காயில் பாதியை மட்டும் அரைத்து, மீதியை முழுக் காயாகவே வைப்பது இன்னும் நல்லது. ஜாடிக்குள் ஈரக்கை, ஈரக்கரண்டி ஆகவே ஆகாது. குளியலறைக்கு ஜாடியைக் கொண்டுபோகாதீர்கள். வேண்டியதைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போங்கள்.

அரப்பு: இந்தப் பக்கத்துச் சிறப்பு

சீயக்காய் தமிழ்நாடு முழுக்க உண்டு. அரப்பை இந்த அளவுக்குக் கொண்டாடுவது சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம்தான். உசிலை மரம் வறண்ட கரடுகளில் தானாக வளரும். இலை புளிய இலையை விடச் சிறியது, இறகு போல அடுக்கடுக்காக இருக்கும். சொந்தக் காட்டில் மரம் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். வனத்துறைக் காட்டில் கிளை வெட்டக் கூடாது.

இளங்கிளைகளை வெட்டிக் கட்டாகக் கட்டி நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். மூன்று நான்கு நாளில் கட்டை உலுக்கினாலே சிற்றிலைகள் பொலபொலவென்று உதிரும். இந்த உதிர்ந்த இலைதான் வேண்டும். காம்பையும் குச்சியையும் சேர்த்தால் பொடி நெருநெருக்கும். இலை மெல்லியது என்பதால் சிறிய அளவுக்கு மிக்ஸியே போதும். அரைத்துச் சலித்துவிட்டால் வேலை முடிந்தது. இதனோடு வேறு எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

அரப்பு சீயக்காயைப் போல வறட்டுத்தனமாக எண்ணெயை இழுக்காது. முடி மிருதுவாக இருக்கும், தேய்க்கும்போது தலை குளுகுளுவென்று இருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளுக்கு அதனால்தான் அரப்பைத் தேர்ந்தார்கள். நல்லெண்ணெய் நிறைய வைத்திருந்தால் ஒரு சுற்றில் முழுதாகப் போகாது; இரண்டு சுற்று தேய்க்க வேண்டும்.

கரைப்பதற்கு வடிகஞ்சிதான் சரி. அன்று சோறு வடித்த கஞ்சியைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். ஒரு போசியில் 30 கிராம் அரப்பு, அதாவது குவியலாக நான்கு மேசைக்கரண்டி போட்டு, முதலில் கால் டம்ளர் கஞ்சி மட்டும் விட்டு விரலால் பிசையுங்கள். உலர்ந்த கட்டிகள் விரலுக்கு நடுவே உடைந்து, இரண்டு நிமிஷத்தில் பச்சைக் களிம்பாகும். விரலைத் தூக்கினால் நூல் போல இழையும். அந்தப் பதம் வந்த பிறகுதான் மீதிக் கஞ்சி; மொத்தம் 200 மில்லி. முதலிலேயே முழுக் கஞ்சியையும் ஊற்றினால் உருண்டை உருண்டையாக மிதக்கும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. முதல் நாள் கஞ்சியைப் பயன்படுத்தாதீர்கள். வடித்த கஞ்சி கெட்டியாக இருந்தால் சம அளவு வெந்நீர் சேருங்கள். இல்லாவிட்டால் காய்ந்தபின் முடியில் மாவு போலப் படியும். குக்கரில் சோறு வைக்கும் வீட்டில் கஞ்சி இருக்காது. அங்கே ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவை 200 மில்லி தண்ணீரில் காய்ச்சிக்கொண்டால் போதும்.

தேய்ப்பதும் அலசுவதும்

சீயக்காய்ப் பொடிக்கும் இதே முறைதான். 30 கிராமுக்கு 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், பதினைந்து நிமிஷம் ஊறல். ஊறாத பொடி தலையில் உரசும், சத்தும் இறங்காது. இடுப்பளவு முடிக்கு 45 கிராம் வேண்டியிருக்கும். பொடித் துகள் முடியில் சிக்குவது தொல்லையாக இருந்தால், பொடியை மெல்லிய துணியில் பொட்டலமாகக் கட்டி 300 மில்லி வெந்நீரில் ஊறவிட்டு, நன்றாகப் பிழிந்து அந்தச் சாற்றை மட்டும் தேயுங்கள். நீண்ட முடிக்கும் சுருட்டை முடிக்கும் இதுவே மேல்.

முதலில் தலையை நன்றாக நனைத்துவிடுங்கள். உலர்ந்த முடியில் சீயக்காய் போட்டால் திட்டுத் திட்டாக ஒட்டும். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக உச்சந்தலையில் விட்டு, நகம் படாமல் விரல் நுனியால் மூன்று நான்கு நிமிஷம் அழுத்தித் தேயுங்கள். ஷாம்பு என்ற சொல்லே ‘சாம்போ’ என்ற இந்திச் சொல்லிலிருந்து வந்தது. அமுக்கிப் பிடித்துவிடு என்று அர்த்தம். நுரை வேலை செய்யும் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. இங்கே நுரை குறைவு, விரல்தான் வேலை செய்கிறது. முடி நுனிக்குத் தனியாகப் போட வேண்டாம். வழிந்து இறங்குவதே போதும்.

தலையைப் பின்னால் சாய்த்து அலசுங்கள். சப்போனின் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், கண் சிவக்கும். பட்டுவிட்டால் கசக்காமல் சாதாரணத் தண்ணீரால் ஐந்து நிமிஷம் விடாமல் கழுவ வேண்டும். அதன் பிறகும் எரிந்தால் கண் மருத்துவரைப் பாருங்கள். புருவத்தின் மேல் தேங்காய் எண்ணெய் ஒரு கோடு தடவிக்கொண்டால் வழிவது பக்கவாட்டில் திரும்பிவிடும். கைக்குழந்தைகளுக்குச் சீயக்காய், பூந்திக்கொட்டை இரண்டும் வேண்டாம்.

ஷாம்புக்கு எடுக்கும் தண்ணீரைப் போல இரண்டு பங்கு இதற்கு வேண்டும். விரலால் கோதி, தண்ணீர் தெளிவாக இறங்கும் வரை ஊற்றுங்கள். பொடி போட்டால் பொடுகு வருகிறது என்று சொல்பவர்களில் பலர் பார்ப்பது பொடுகில்லை. சரியாக அலசாமல் காய்ந்த பொடிதான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் முறைக்கு முந்தின நாள் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவிப் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்தில் அரிப்போ சிவப்போ இல்லையென்றால் தலைக்குப் போகலாம். தலையில் புண், சொரியாசிஸ் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். சாயம் போட்ட முடியில் நிறம் சீக்கிரம் மங்கும்.

உப்புத்தண்ணீர்

சேலத்தில் பல வீடுகளில் குடிக்க மேட்டூர்த் தண்ணீர், குளிக்க போர் தண்ணீர். போர் தண்ணீர் கடினமானது என்றால், சோப்பு அதிலுள்ள கால்சியம், மக்னீசியத்தோடு சேர்ந்து தயிர் திரிந்தது போலப் படிந்துவிடும். முடி பிசுக்குப் பிடித்த கயிறு மாதிரி ஆவது இதனால்தான். சோப்புக்கட்டியைச் சீவிக் கரைத்து ‘இயற்கை ஷாம்பு’ செய்யச் சொல்லும் குறிப்புகள் இந்த ஊருக்கு ஆகவே ஆகாது. சப்போனின் அப்படித் திரியாது. உப்புத்தண்ணீர் ஊருக்குச் சீயக்காயும் அரப்பும் பொருந்துவதற்கு இது பெரிய காரணம்.

ஆனாலும் உப்பு முடியில் படியத்தான் செய்யும். முழுக் குளியலுக்கு நல்ல தண்ணீர் கிடைக்காவிட்டால், கடைசி இரண்டு சொம்பு மட்டுமாவது மேட்டூர்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள். அதுவும் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து கடைசியாக ஊற்றி, மேலே ஒரு சொம்பு சாதாரணத் தண்ணீர் விடுங்கள்.

சமையல் சோடாவால் தலை கழுவச் சொல்லும் குறிப்பும் சுற்றுகிறது. அது காரம், அதன் பிஹெச் 8க்கு மேல். சீயக்காய்க் கரைசல் லேசான அமிலம். காரத்தில் முடியின் மேல் செதில்கள் விரியும், முடி சொரசொரப்பாகி உடையும். சீயக்காயோடு சோடாவைக் கலப்பது அதன் நல்ல குணத்தைக் கெடுப்பதுதான்.

திரவமாகத்தான் வேண்டுமென்றால்

வெளியூர் போகிறவர்கள், பொடி ஒத்துக்கொள்ளாதவர்கள் கஷாயமாகச் செய்யலாம். சிறிய அளவில் செய்யுங்கள். கொட்டை நீக்கிய சீயக்காய் 25 கிராம், பூந்திக்கொட்டைத் தோல் 15 கிராம், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, தண்ணீர் 500 மில்லி. எவர்சில்வர் அல்லது மண் பாத்திரம். இரும்புச் சட்டி கூடாது. காயிலுள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கஷாயம் மை போலக் கறுத்துவிடும், துணியில் பட்டால் கறை போகாது.

இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் சிறு தீயில் பதினைந்து நிமிஷம். பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கக் கூடாது. மூடி போடாதீர்கள், அடுப்பை விட்டு நகராதீர்கள். பால் பொங்குவதை விட வேகமாக நுரை எழும்பி அடுப்பெல்லாம் வழியும். இறக்கி ஆறியபின் கையால் பிசைந்து வேட்டித் துணியில் பிழியுங்கள். மிக்ஸியில் போட்டால் வெறும் நுரைதான் கிடைக்கும். 300 மில்லி போல வரும். ஐந்து முறைக்குத் தாராளம்.

இந்தத் தண்ணீரில் சர்க்கரையும் புரதமும் கரைந்திருக்கின்றன. கிருமிக்கு அது விருந்து. வெளியே வைத்தால் ஒரு நாள், ஃபிரிட்ஜில் ஐந்து நாள். மேலே குமிழி, நூலாக இழையும் பிசின், புளித்த வாடை, மூடி திறக்கும்போது சத்தம், இதில் ஒன்று தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள். எலுமிச்சைச் சாறு, வைட்டமின் ஈ எண்ணெய், வாசனை எண்ணெய் எதுவும் இதைக் காப்பாற்றாது. எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை அடிக்காமல் வைட்டமின் ஈ தடுக்கும், அவ்வளவுதான். தண்ணீரில் வளரும் கிருமியை அது ஒன்றும் செய்யாது. நீண்ட நாள் வேண்டுமென்றால் நல்ல வழி ஐஸ் தட்டு. கஷாயத்தை ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பையில் போட்டு, மேலே ‘தலைக்கு’ என்று எழுதிவையுங்கள். புளிக்கரைசல் போலவே இருக்கும், குழம்பில் விழுந்துவிடக் கூடாது. ஒரு முறைக்கு மூன்று நான்கு கட்டி. இரண்டு மாதம் வரை வரும்.

கொட்டும்போது ஒரு எச்சரிக்கை. சப்போனின் மீனுக்கு நஞ்சு. மீன் வளர்க்கும் தொட்டி, குட்டை, கிணற்றுப் பக்கம் ஊற்றாதீர்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு

மேலே சொன்ன வெயில் கணக்கு கீழே இருக்கும் ஊருக்கு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பனியும் மூடுபனியும் இருக்கும் மாதங்களில் காய் ஒரு வாரம் போட்டாலும் வளையும், ஒடியாது. மாசி, பங்குனி வெயில் நாட்களைப் பார்த்துக் காயவையுங்கள். தவறிவிட்டால் கீழே சேலத்திலுள்ள உறவுக்காரர் வீட்டு மாடியில் இரண்டு நாள் போட்டு, அங்கேயே அரைத்து எடுத்துக்கொண்டு ஏறுங்கள். பொடியைப் பெரிய டப்பாவில் வைக்காமல் கால் கிலோ, கால் கிலோவாகப் பிரித்து வையுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஈரக்காற்று உள்ளே போகும். சிறிய டப்பாவாக இருந்தால் கெட்டாலும் கால் கிலோவோடு போகும். கஷாயத்துக்கு அங்கே தண்ணீர் 95 டிகிரி அருகிலேயே கொதித்துவிடும் என்பதால் பதினைந்து நிமிஷத்துக்குப் பதில் இருபத்தைந்து நிமிஷம் வையுங்கள். மலைக் குளிரில் பச்சைத் தண்ணீரில் கரைத்தால் அரப்பு இழையாது, எண்ணெயும் இறங்காது. கரைப்பதற்கும் அலசுவதற்கும் வெந்நீர்தான்.

பொடி லேசாகக் கட்டி தட்டியிருந்தால் உடைத்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை இல்லாமல், நிறமும் மாறாமல் இருந்தால் ஒரு நாள் வெயிலில் உலர்த்திச் சலித்துக்கொள்ளலாம். வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தாதீர்கள். அந்த டப்பா முழுவதையும் கொட்டி, வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே புதுப் பொடியைப் போடுங்கள்.